மகஜர்

இடம்: ஊட்டமலைக்குக் கீழே, பாறை இடுக்கு.
நேரம்: மாலை ஐந்து நாற்பது.
பொருள்: கெண்டை, ஒன்று.
பதினொரு கிலோ நானூறு கிராம்.
நிலை: இறந்தது.

இதுவரை பேனா தயங்கவில்லை.

பெங்களூர்க்காரர்கள் இதை மகசீர் என்கிறார்கள்.
புது எழுத்தர் அதைக் காதில் வாங்கி
'மகஜர் ஒன்று பறிமுதல்' என்று தட்டியிருந்தார் போன வாரம்.
அலுவலகமே சிரித்தது, நானும்தான்.
இப்போது மகசீரின் மேல் குனிந்து
மகஜர் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
செதில் ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அகலம்,
ஓரத்தில் துலக்காத பித்தளை நிறம்.
மேலுதட்டில் ஒரு ஓட்டை.
வலையில் விழுந்த மீனுக்கு உதடு கிழியாது.

சென்றாயன் பரிசலைச் சாய்த்து நிறுத்தி
அந்த நிழலில் குந்தியிருக்கிறான்.
'செத்ததைத்தான் எடுத்தேன் மேடம்.
காலையில விட்டாங்களே, அதே மீனு.
நான்தானே துடுப்பு போட்டேன்.
நாப்பது நிமிசம் இழுத்தாரு.
தூக்கிப் பிடிச்சு ஒரு போட்டோ,
திருப்பிப் பிடிச்சு ஒரு போட்டோ,
கூலிங்கிளாசைக் கழட்டிட்டு ஒரு போட்டோ.
முத்தம்கூடக் குடுத்தாரு.
விட்டதும் எல்லாரும் கை தட்டினாங்க.
அது சாஞ்சுக்கிட்டே போச்சு மேடம்.
நான் பார்த்தேன்.'

படிவத்தில் 'பிடித்தவர் பெயர்' என்று ஒரு கட்டம்.
விட்டவருக்குக் கட்டம் இல்லை.

அவரிடம் அனுமதிக் கடிதம் இருக்கிறது,
நானே சரிபார்த்துக் கையெழுத்திட்டது.
செதுக்கு இல்லாத தூண்டில்முள், ஈரக் கை,
தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் எடை.
பதினான்கு விதிகளும் நல்ல விதிகள்.
நான் வேலைக்கு வந்த வருஷம்
திருப்பத்து மடுவில் வெடி போட்டார்கள்.
குஞ்சும் குளுவானுமாய் வெள்ளை வெள்ளையாய்
கரை வரைக்கும் வயிறு.
பொறுக்கியெடுத்தது இரண்டு கூடை,
மிச்சத்தை ஆறு தின்றது.
அந்த விதிகளுக்காக ஒருமுறை கல்லடி பட்டிருக்கிறேன்.
நாளைக்கும் படுவேன்.
விட்ட மீன்களில் பெரும்பாலானவை பிழைக்கின்றன;
பயிற்சியில் சொன்னார்கள், நோட்டில் எழுதினேன்.
பெரும்பாலானவைக்கு வெளியே
ஒரு மீன் இத்தனை நீளமாய்க் கிடக்குமென்று
அங்கே யாரும் சொல்லவில்லை.

மேலே கடைத்தெருவில் எண்ணெய் காய்ந்துவிட்டது.
மிளகாய்த்தூள், எலுமிச்சை, கருகிய கறிவேப்பிலை.
அங்கே பொரிவது பண்ணைக் குட்டைக் கட்லா,
விடியற்காலை ஐஸ் பெட்டியில் வந்திறங்கியது.
காவிரி மீன், காவிரி மீன் என்று
விரலைச் சூப்பிச் சாப்பிடுகிறார்கள்.
எனக்கும் பசி.
மதியம் தயிர்சாதம், அதிலும் பாதி.
மகஜரில் எழுத முடியாத ஒன்று:
இதைப் பார்த்ததும் முதலில் நினைத்தது
நடுத்துண்டு எவ்வளவு கனம் வரும் என்றுதான்.

உத்தரவு தெளிவானது.
பறிமுதலான உடலை யாரும் உண்ணாதபடி
மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கவும்.
குழியைச் சென்றாயனே வெட்டினான்,
குற்றவாளியைத் தவிர மண்வெட்டி யாரிடமும் இல்லை.
நான் ஊற்றினேன்.
செதில்கள் மேல் வானவில் ஓடியது,
அசிங்கமான, அழகான வானவில்.
சாட்சிக்கு வந்த டீக்கடைப் பச்சையம்மா
கைநாட்டு வைத்த விரலைப் புடவையில் துடைத்தபடி
'இந்த எண்ணெயில எனக்கு ஒரு மாசம் அடுப்பெரியும்' என்றாள்.
குழியைப் பார்த்து, 'நாலு வீட்டுக்குக் கொழம்பு' என்றாள்.
பிறகு என்னைப் பார்க்கவில்லை.

இறப்பின் காரணம் என்ற இடத்தில்
'தெரியவில்லை' என்றுதான் வழக்கமாக எழுதுவோம்.
எழுதினேன்.
அடித்துவிட்டு
'நாற்பது நிமிடம்' என்று எழுதினேன்.
மேலதிகாரி சிவப்பு மையில் சுழிப்பார்.

கையெல்லாம் மண்ணெண்ணெய்,
மண் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
சென்றாயன் எழுந்து நின்றான்.
'கேஸு இருக்கட்டும் மேடம்,
பரிசலை மட்டும் ராத்திரிக்குள்ள குடுத்துடுங்க.
காலையில ஆறு மணிக்கு
அவரைத்தான் ஏத்தணும்.'